வெறுங்கை கன்னத்துக்கு, பிடித்த கை இடுப்புக்கு: ஒரு முழங்கால் காயமும் நாங்கள் மாற்றி எழுதிய பயிற்சித் திட்டமும்

சம்பவம்

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை மாலை. ஊர்ப் பொது மண்டபத்தில் பிள்ளைகள் இருவர் இருவராக நின்று மோதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். பதினாறு வயது மாணவி ஒருவர் வலக்கையால் நேர்க்குத்து விட்டார். கராத்தேயில் கற்றபடி இடக்கை இடுப்புக்குப் போய் நின்றது. எதிரே நின்ற மாணவன், அந்த வாரம் குத்துச்சண்டை வகுப்பில் பழகிய வளைவுக் குத்தால், காவலின்றிக் கிடந்த அவருடைய இடக் கன்னத்தை மெல்லத் தொட்டுக் காட்டினான். தொட்ட கை திரும்புவதற்குள் மாணவி அதைப் பற்றிக்கொண்டு, ஜூடோ வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி உள்ளே திரும்பி அவனை இடுப்பில் ஏற்றப் பார்த்தார். உடம்பு திரும்பியது. வலது பாதம் சீமெந்துத் தரையில் ஒட்டினாற்போல் நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட முழங்கால் உள்பக்கமாக மடிந்தது.

அவர் அழவில்லை. தரையில் உட்கார்ந்து, முழங்காலை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி, "சேர், நான் சரியாகத்தானே செய்தேன்?" என்று கேட்டார்.

சரியாகத்தான் செய்தார். குத்து கராத்தே ஆசிரியர் சொன்னபடி இருந்தது. பிடியும் திருப்பமும் ஜூடோவில் சொன்னபடி இருந்தன. மூன்று விநாடிக்குள் ஒரு கலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டியிருந்தபோது எப்படித் தாவுவது என்று மட்டும் எவரும் அவருக்குக் கற்றுத் தரவில்லை. அந்தத் திட்டத்தை எழுதியவன் நான். பல கலைகளைச் சேர்த்துக் கற்பிக்கும் ஆவல் இப்போது நம் பகுதியில் பல கூடங்களில் இருப்பதால், எங்களுக்கு நடந்ததை முழுமையாக எழுதி வைப்பது என் கடமை என்று நினைக்கிறேன். மாணவியும் பெற்றோரும் சம்மதம் தந்திருக்கிறார்கள். பெயர்களை மட்டும் தவிர்த்திருக்கிறேன்.

கூடமும் முதல் திட்டமும்

எங்கள் கூடம் மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிக்கு அருகில் இருக்கிறது. வாரத்தில் இருபது பிள்ளைகள் வருவார்கள். பாதிப்பேர் பெண் பிள்ளைகள். தரை சீமெந்து. ஜூடோ மெத்தை கிடையாது. சிலர் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து வருகிறார்கள். காயமடைந்த மாணவியும் அப்படித்தான்: மண்டூரிலிருந்து சைக்கிளில் துறைக்கு வந்து, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் சைக்கிளோடு ஏறி, குருமண்வெளியில் இறங்கி, மறுபடியும் சைக்கிள் மிதித்து மண்டபத்துக்கு வருவார். திரும்பும்போதும் அதே வழி. இதை நான் ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதுவும் அவருடைய கால்களின் உழைப்புத்தான் என்று கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை.

நான் கற்றதும் கற்பித்ததும் ஷிட்டோ-ரியூ கராத்தே. நீண்ட காலம் வேறெதையும் உள்ளே விடாமல் அதையே காத்துவந்தேன். கராத்தேயோடு நின்றுவிட்டால் பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்துக்குள் வந்ததும் திகைத்து நிற்கிறார்கள், யாராவது இறுகப் பிடித்துவிட்டால் செய்வதறியாமல் தவிக்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் மனம் மாறினேன். பாதுகாப்புக்காகப் பிள்ளையை அனுப்புகிற தாய்க்கு, "பிடித்தால் என்ன செய்வாய்" என்ற கேள்விக்குப் பதில் இல்லாத கலையை நான் எப்படி முழுமையானது என்று சொல்வது?

எனவே ஜனவரியில் புதிய திட்டம் தொடங்கினோம். திங்கள் கராத்தே. செவ்வாய் குத்துச்சண்டை. புதன் ஜூடோ, மெத்தை இல்லாததால் கடற்கரை மணலில். வியாழன் டேக்வாண்டோ உதைகள். வெள்ளி சிலம்பம். சனி எல்லாம் கலந்த மோதல். வெளியிலிருந்து மூன்று நண்பர்கள் அவரவர் கலையை நேர்மையாகக் கற்பித்தார்கள். காகிதத்தில் அது அழகாக இருந்தது. பிள்ளைகளுக்கும் உற்சாகம் தாங்கவில்லை. ஒவ்வொரு நாளும் புதிதாக ஏதோ ஒன்று கிடைத்தது.

பத்து வாரத்தில் முழங்கால் போனது. அதற்கு முன்பே அறிகுறிகள் தெரிந்தன. இரண்டு பையன்கள் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே வலி என்று சொன்னார்கள். வளரும் வயதில் தொடைத் தசை இழுக்கும் இடத்தில் எலும்பு நோவது வழக்கம். குதிப்பும் உதையும் கூடும்போது அது மோசமாகும். ஒரு பிள்ளைக்கு மணலில் கால் புதைந்து கணுக்கால் சுளுக்கியது. விழுவதற்கு மணல் இதமானது, ஆனால் திரும்புவதற்கு அது எமன்: பாதம் புதைந்துவிடும், உடம்பு மட்டும் சுழலும். இவற்றை நான் தனித்தனிச் சம்பவங்களாகவே பார்த்து, எண்ணெய் தேய்க்கச் சொல்லி அனுப்பினேன். இன்று நினைத்தாலும் மனம் உறுத்துகிறது.

காரணம் தேடியபோது

வைத்தியர் பரிசோதித்துவிட்டு, முழங்காலின் உள்பக்க இணைப்பு நார் ஓரளவு கிழிந்திருக்கிறது, முழுதாக அறுந்துவிடவில்லை, சத்திரசிகிச்சை தேவையில்லை என்றார். எங்களுக்கு உயிர் வந்தது. நடுவில் குறுக்காக ஓடும் முன் நார் அறுந்திருந்தால் கதை வேறு. திரும்பியும் குதித்தும் ஆடும் விளையாட்டுகளில் அந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் நேர்கிறது என்பது விளையாட்டு மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட செய்தி. கற்பிப்பவர்களில் எத்தனை பேர் அதை மனத்தில் வைத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி அமைக்கிறோம்?

இயன்மருத்துவரிடம் நானும் கூடப் போனேன். அவர் முழங்காலைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்டார்: "காலையில் என்ன செய்கிறாய், பிள்ளை?"

மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னார். பள்ளியில் இல்ல விளையாட்டுப் போட்டி. அவருடைய இல்லத்துக்கு 800 மீற்றர் ஓட ஆள் இல்லை. நீளம் பாய்தலுக்கும் அவர்தான். ஆறு வாரமாக ஒவ்வொரு பள்ளி நாளும் காலையில் மைதானத்தில் ஓடியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, ஏனென்றால் நான் கேட்கவில்லை. சொன்னால் வகுப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்ற பயமும் இருந்திருக்கிறது.

அன்றிரவு ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபொஸ்டர் பரப்பிய ஓர் எளிய முறை இருக்கிறது: பயிற்சி முடிந்ததும் எவ்வளவு கடினமாக இருந்தது என்று பூச்சியம் முதல் பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொல்லி, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்க வேண்டும். மாணவி நினைவிலிருந்து சொன்ன எண்களைப் பெருக்கினேன். திங்கள் 90 நிமிடம், கடினம் 6: 540. செவ்வாயும் புதனும் 630 வீதம். வியாழன் 720. வெள்ளி 60 நிமிடம், கடினம் 5: 300. சனி இரண்டு மணித்தியாலம், கடினம் 9: 1080. ஆக 3900. காலை ஓட்டம் 45 நிமிடம், கடினம் 7, ஐந்து நாள்: 1575. மொத்தம் 5475. சைக்கிளை இன்னும் சேர்க்கவில்லை. பிந்தி நினைவிலிருந்து சொன்ன எண்கள் என்பதால் இது துல்லியமான கணக்கு அல்ல. ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: அந்த வாரத்தில் இலேசான நாள் என்று ஒன்றுமே இல்லை. அதோடு, ஐந்து கலைகளும் ஐந்து பெயரில் ஒரே முழங்காலையே வேலை வாங்கியிருந்தன.

சமநிலை என்றால் எல்லாக் கலைக்கும் ஆளுக்கொரு நாள் என்று நான் நினைத்திருந்தேன். கலைகளுக்கிடையே நியாயமாகப் பங்கு பிரித்தேன். சுமக்கும் உடம்புக்கு நியாயம் செய்யவில்லை.

மருதமுனையில் ஒரு காலை

கல்முனை பஸ்ஸில் ஏறி, கல்லாறும் பெரியநீலாவணையும் தாண்டி, மருதமுனையில் இறங்கினேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு முதியவர், சீனடியும் சிலம்பமும் கற்ற அண்ணாவியார், கைத்தறி போட்டிருக்கும் வீட்டில் வசிக்கிறார். சீனடி என்ற தற்காப்புக் கலை நம் கிழக்குக் கரையின் சொத்து. முஸ்லிம் ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கற்கப்பட்டு வந்திருக்கிறது. கல்யாண ஊர்வலங்களிலும் பெருநாள் கூட்டங்களிலும் பொல்லடித்து வருபவர்களைச் சிறுவயதில் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அதை வேடிக்கை என்று ஒதுக்கி, ஜப்பானிலிருந்து வந்ததை மட்டும் விஞ்ஞானம் என்று எடுத்துக்கொண்ட தலைமுறை எங்களுடையது. அதற்காக வருந்துகிறேன்.

தறிச் சத்தத்துக்கு நடுவே நடந்ததைச் சொன்னேன். எழுந்து செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலை நட்டு வைத்துவிட்டு இடுப்பைத் திருப்புகிறீர்கள், மகன். குதிக்காலைத் தூக்கிவிடச் சொல்லுங்கள். பொல்லு சுற்றுகிறவனுக்குக் கால் நட்டிருந்தால் அவன் பொல்லே அவன் காலில் அடிக்கும்."

பிறகு அவரே எழுந்தார். எழுபது வயதுக்கு மேல். நெற்றி உயரப் பொல்லை எடுத்து மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றினார். நான் தரையோடு குனிந்து அவருடைய பாதங்களைப் பார்த்தேன். திரும்புவதற்கு ஒரு கணம் முன்பே குதிக்கால் இலேசாக எழும்புகிறது. பாதத்தின் முன்பந்து மட்டும் தரையைத் தொட்டிருக்கிறது. இடுப்பு, முழங்கால், விரல் நுனி மூன்றும் ஒரே பக்கம் பார்த்தபடி ஒன்றாகத் திரும்புகின்றன. திரும்பி முடிந்த பின்பே குதிக்கால் தரையில் இறங்குகிறது. இரண்டு சுற்றில் எட்டு முறை குதிக்கால் எழுந்தது. ஒரு முறைகூடப் பிந்தவில்லை.

எங்கள் கராத்தேயில் ஆழமான நிலை எடுத்துக் குதிக்காலைத் தரையில் அழுத்தச் சொல்கிறோம். குத்துக்கு அது பலம் தருகிறது. அந்த நிலையிலிருந்து ஜூடோவுக்குத் தாவும்போது குதிக்காலை விடுவிக்க வேண்டும் என்று எந்த வகுப்பும் சொல்லவில்லை. கராத்தேக்காரருக்கு ஜூடோ தெரியாது, ஜூடோக்காரருக்குக் கராத்தே தெரியாது, இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த அரை விநாடிக்கு ஆசிரியர் இல்லை. எனக்கு விடை கிடைத்த இடம் அதுதான். சிலம்பத்தை வெள்ளிக்கிழமைக் கலையாக வைத்திருந்தது பிழை. அது எல்லா நாளும் காலுக்குள் இருக்க வேண்டியது.

கை எங்கே திரும்ப வேண்டும்

கால் தெளிந்தது, கை தெளியவில்லை. குத்திய பின் மறு கையை இடுப்புக்கு இழு என்கிறது கராத்தே. கன்னத்தைவிட்டுக் கையை எடுக்காதே என்கிறது குத்துச்சண்டை. பிடித்த சட்டையை விடாதே, இழு என்கிறது ஜூடோ. பிள்ளைகள் மூன்றையும் கேட்டுக் குழம்பியதில் வியப்பில்லை. கை ஒன்று, கட்டளை மூன்று.

கராத்தேயின் வடிவப் பயிற்சிகளான பழைய கத்தாக்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இடுப்புக்கு இழுபடும் அந்தக் கை வெறுங்கையா? கராத்தேயை ஆழமாகப் படித்தவர்கள் பலர் நீண்ட காலமாகச் சொல்லிவருவது, அது எதிராளியின் மணிக்கட்டையோ சட்டையையோ பிடித்த கை என்பது. பிடித்து இழுக்கும்போது அவன் முன்னே சரிவான். சரிகிறவன் மீது குத்து விழும். சரியவைப்பதைத்தான் ஜூடோவில் குசுஷி என்கிறார்கள். தூக்கி எறிவதற்கு முன் எதிராளியின் சமநிலையைக் குலைப்பது அங்கே முதல் பாடம். அப்படியானால் கராத்தேயும் ஜூடோவும் முரண்படவே இல்லை. கையில் எதுவும் இல்லாதபோதும் அதை இடுப்புக்கு இழுக்கப் பழக்கிய நாங்கள்தான் முரண்பாட்டை உண்டாக்கினோம்.

அன்று முதல் கூடத்தில் ஒரே விதி: வெறுங்கை கன்னத்துக்கு, பிடித்த கை இடுப்புக்கு. ஏழு வயதுப் பிள்ளைக்கும் அது புரிகிறது. பழகும் முறையும் எளிது. எதிரில் நிற்பவர் சில வேளை சட்டைக் கையை நீட்டுவார், சில வேளை நீட்டமாட்டார். துணி கையில் சிக்கினால் இழு. சிக்காவிட்டால் விரல் கன்னத்தைத் தொட வேண்டும். கண்ணால் பார்த்து முடிவெடுக்க நேரம் போதாது, உள்ளங்கைதான் முடிவெடுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் எல்லாரும் தடுமாறினார்கள். மூன்றாம் வாரம் காயமடைந்த மாணவி, அப்போது கதிரையில் உட்கார்ந்தபடியே கையை மட்டும் பழகிக்கொண்டிருந்தவர், பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் செய்தார். கால் ஓய்ந்திருந்ததால் கை வேகமாகக் கற்றது என்று தோன்றியது.

கராத்தே உடை மெல்லியது. இரண்டு இழுப்பில் தோள் தையல் விட்டுவிடும். ஒரு தாயின் யோசனைப்படி மருதமுனைக் கைத்தறி விரிப்புத் துணியை இரட்டையாக வைத்துத் தைத்து ஆறு மேற்சட்டைகள் செய்தோம். பிடிக்கும் பயிற்சிக்கு அவைதான் இன்றும் பயன்படுகின்றன.

இந்தக் கலப்பெல்லாம் மரபை மீறுவதாகாதா என்று ஒரு மூத்த கராத்தே ஆசிரியர் என்னிடம் வருத்தப்பட்டார். அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு, எனவே வரலாற்றைத் தேடினேன். நான் தூய்மையாகக் காத்ததாக நினைத்த ஷிட்டோ-ரியூவே கலப்பு. அதை உருவாக்கிய கென்வா மபுனி, ஒகினாவாத் தீவின் ஷூரி நகரத்து மரபை இட்டோசுவிடமும் நாஹா நகரத்து மரபை ஹிகாஒன்னாவிடமும் கற்று இரண்டையும் சேர்த்தார். கலையின் பெயரே அந்த இரு ஆசான்களின் பெயர் எழுத்துகளிலிருந்து ஆனது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882 இல் அதற்கான கொடோகன் என்ற கூடத்தைத் தொடங்கியதும் ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியப் பிடிக்கலையின் இரண்டு மரபுகளைக் கற்ற பின்புதான். ஒகினாவாக் கராத்தே ஆசான் ஃபுனகோஷி 1922 இல் கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுவந்தபோது கொடோகனில் செய்து காட்டினார். நம் பிள்ளைகள் அணியும் வெள்ளை உடையும் கறுப்புப் பட்டியும் ஜூடோவிடமிருந்து கராத்தே பெற்றவை.

இவர்களில் கானோவிடம்தான் நான் அதிகம் கற்றேன். சேர்த்ததைவிட அவர் விலக்கியதுதான் பெரிது. அடிகளையும் ஆபத்தான பூட்டுகளையும் வடிவப் பயிற்சிக்குள் வைத்துவிட்டு, முழுப் பலத்தோடு மோதினாலும் பிள்ளை மறுநாள் நடந்து வரக்கூடியவற்றை மட்டும் மோதலில் விட்டார். நான் விலக்காமல் சேர்த்தேன். என் முதல் திட்டத்தின் பிழை அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இரண்டாம் திட்டம்

கராத்தே தாய்க்கலையாக நின்றது. எட்டு வாரத்துக்கு ஒரு விருந்தாளிக் கலை மட்டும் உள்ளே வரும், அதுவும் ஒரு கேள்வியோடு. குத்துச்சண்டை வந்தபோது கேள்வி: குத்திய பின் கை எங்கே? ஜூடோ வந்தபோது: விழுந்தால் என்ன? அந்தக் கேள்விக்குப் பதில் தராத பகுதி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த எட்டு வாரத்தில் தொடுவதில்லை.

ஆறு நாள் மூன்று நாளானது. திங்கள் நுட்பம், இலேசான நாள். புதன் கடினமான நாள். சனிக்கிழமை தாவல்கள் மட்டும்: தூரத்திலிருந்து குத்துக்கு, குத்திலிருந்து பிடிக்கு, பிடியிலிருந்து விழுதலுக்கு. முழு மோதல் மாதம் ஒரு முறை, முகத்துக்குக் குத்து இல்லாமல். தலையில் தவறி அடிபட்டுத் தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் அன்றைய பயிற்சி அந்தப் பிள்ளைக்கு முடிந்தது. வைத்தியர் பார்த்துச் சொல்லாமல் மீண்டும் மோத விடுவதில்லை. இதில் எந்தப் பெற்றோரின் வற்புறுத்தலுக்கும் நான் இணங்குவதில்லை.

எல்லா நாளும் தொடக்கம் பத்து நிமிடச் சிலம்பக் காலடி, பொல்லோடு. அதன் பின் முழங்காலுக்கான ஆயத்தம்: ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழுதல், குதித்து ஓசையின்றி இறங்குதல், பின் தொடைக்கு வலு. இவை எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. கால்பந்துக்காக உருவாக்கப்பட்ட ஆயத்தப் பயிற்சியிலிருந்து எடுத்தவை. 2008 இல் வெளியான நோர்வே ஆய்வு ஒன்றில், 13 முதல் 17 வயது வரையான பெண் பிள்ளைகளில் அந்த ஆயத்தத்தைச் செய்தவர்களுக்குக் கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. இருபது நிமிடமும் ஓர் ஆசிரியரின் கண்ணும் போதும், கருவி எதுவும் தேவையில்லை. ஒற்றைக் காலில் உட்காரும்போது முழங்கால் சில்லு இரண்டாம் விரலுக்கு நேரே நிற்கிறதா, உள்ளே சாய்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தக் கண்ணின் வேலை.

விழுதலுக்கு நான்கு வாரம் ஒதுக்கினோம். ஜூடோவை எறிதலிலிருந்து தொடங்கிய என் அவசரத்தை நினைத்தால் இப்போது அச்சமாக இருக்கிறது. விழக் கற்காத பிள்ளையை எறிவது நீந்தக் கற்காத பிள்ளையை வாவியில் தள்ளுவதற்குச் சமம். வைக்கோல் அடைத்த சாக்குகளைப் பரப்பி மேலே படங்கு விரித்தோம். முதலில் படுத்தபடி கை அடித்தல், பிறகு குந்தியிருந்து, பிறகு முழங்காலில் நின்று. நாடி நெஞ்சோடு, மூச்சு வெளியே, கை உடம்பிலிருந்து 45 பாகை சாய்வில். தலை தரையைத் தொடக் கூடாது என்பதற்காக நாடிக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு வெற்றிலையை வைத்து, விழுந்து எழும்பிய பின் அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தோம். களுதாவளைப் பக்கத்தில் வெற்றிலைக்குப் பஞ்சமில்லை. சிறுவர்களுக்கு இந்த வெற்றிலைப் பயிற்சிதான் வகுப்பிலேயே மிகப் பிடித்தது.

டேக்வாண்டோவின் சுழல் உதைகளை ஓர் ஆண்டுக்கு நிறுத்தினோம். அந்தக் கலையில் குறை ஒன்றும் இல்லை. அது ஒலிம்பிக்கில் 2000 இலிருந்து பதக்கத்துக்குரிய கலை. வெறுங்காலோடு சுழல எங்கள் சீமெந்துத் தரை இடம் தரவில்லை, அவ்வளவுதான். உதை பட்டி உயரம் வரை. ஒற்றைக் காலில் பத்து முறை சாயாமல் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கே அதற்கு மேல்.

கொப்பி தொடர்ந்தது. ஒவ்வொரு பிள்ளையும் முடியும்போது ஓர் எண் சொல்லும், வரும்போது "காலையில் என்ன செய்தாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். வயலில் உழைத்தது, வலைப்பந்து ஆடியது, தம்பியைத் தூக்கிக்கொண்டு நடந்தது எல்லாம் எழுதப்படும். காயத்திலிருந்து திரும்பிய மாணவியின் வாரம் இப்போது ஏறத்தாழ இப்படி இருக்கிறது: திங்கள் 450, புதன் 630, சனி 720, வீட்டில் இரண்டு இலேசான பயிற்சிகளுக்கு 120. ஆக 1920. பழைய வகுப்புச் சுமையில் பாதி. அந்தப் பாதியில்தான் அவர் பிடியிலிருந்து திரும்பும்போது குதிக்காலைத் தூக்கக் கற்றார்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வகுப்பைக் காலைக்கு மாற்றினோம். மாரியில் மண்டபத்தின் ஒரு பக்கம் ஒழுகுவதால், நவம்பரும் டிசம்பரும் ஈரத் தரையில் நிற்கும் பயிற்சியைக் குறைத்துத் தரைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டோம்.

சரிவராதவை

மூன்று பிள்ளைகள் விலகினார்கள். பட்டித் தேர்வு பிந்தியது என்பது ஒரு காரணம். நாள் குறைந்ததால் கற்பிப்பதும் குறைந்துவிட்டதாக ஒரு தந்தை எண்ணினார். நான் அவர் வீட்டுக்குப் போய்க் கொப்பியைக் காட்டி விளக்கினேன். கேட்டார், ஆனாலும் பிள்ளையை அனுப்பவில்லை. அந்தப் பையன் கெட்டிக்காரன், அவன் போனது எனக்கு இழப்பு.

இன்னொன்று நான் எதிர்பாராதது. நல்லபடி தேறி வந்த ஒரு மாணவன் கராத்தேப் போட்டியில் எதிராளி நெருங்கியதும் இரு கைகளாலும் சட்டையைப் பற்றிக்கொண்டான். எங்கள் கூடத்தில் அதற்குப் பாராட்டு. போட்டி விதியில் அது தடை. எச்சரிக்கை பெற்றான், அதன் பின் தயங்கித் தயங்கித் தோற்றான். கலந்து கற்ற உடம்புக்கு எல்லை எங்கே என்று தெரியாது. இப்போது போட்டிக்கு நான்கு வாரம் முன்பே பிடி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அந்தப் போட்டியின் விதிக்குள் மட்டும் பழகுகிறோம். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த முறை பார்ப்போம், சேர்" என்றான்.

நின்றபடி எறிதலை இன்னும் தொடங்கவில்லை. வைக்கோல் சாக்கு அதற்குப் போதாது. உண்மையான மெத்தை வரும் வரை முழங்காலில் நின்றே எறிகிறோம். மெத்தைக்குப் பணம் சேர்க்கும் வேலையைப் பெற்றோர்கள் எடுத்திருக்கிறார்கள்.

மாணவிக்குக் காயம் ஆறி எட்டு மாதமாகிறது. ஆறாம் வாரத்தில் காலடியும் பன்னிரண்டாம் வாரத்துக்குப் பின் பிடியும் தொடங்கி, இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு வெற்றிலை வைத்து விழக் கற்பிக்கிறார். அன்று கேட்ட கேள்விக்குரிய பதிலை அவரிடம் சொன்னேன்: "நீங்கள் சரியாகத்தான் செய்தீர்கள், நான்தான் நடுவில் இருந்ததைக் கற்பிக்கவில்லை." அவர் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு சுழல் உதை எப்போது என்று கேட்டார்.

வலக்காலில் பத்து முறை சாயாமல் உட்கார்ந்து எழுந்தால் என்று சொல்லியிருக்கிறேன். போன சனிக்கிழமை ஏழாவதில் முழங்கால் உள்ளே சாய்ந்தது. கொப்பியில் 7 என்று அவரே எழுதி வைத்துவிட்டு, மிதவையைப் பிடிக்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.